நாணயச்சாலை நசுக்கிப் போட்ட காசுகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு, தப்பாக அச்சானால் அதற்கு இரண்டு வழிதான் உண்டு. யார் கண்ணிலும் படாமல் பையோடு பையாக வங்கிக்குப் போய்ச் சேரலாம். அது கையில் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி, பிழை நாணயம் என்று நல்ல விலைக்குப் போகும். இல்லையென்றால் சோதனையில் பிடிபடும். பிடிபட்ட காசு வரி வரியாகப் பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து, தகரக் கூரை மாதிரி நெளிந்து வெளியே வரும். அதோடு அது பணம் இல்லை, பழைய உலோகம். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதை வாஃபிள் என்பார்கள். நான் சேர்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் மாநிலக் குவார்ட்டர்களில்தான் தொடங்கினேன். 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து மாநிலம், மொத்தம் 50. பால் வாங்கிய மீதிச் சில்லறையிலேயே சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. பால்டிமோர் நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரியின் மேஜையில், பத்து டாலருக்குள் விலை போட்ட பெட்டியில், இந்த நெளிந்த காசுகள் கிடந்தன. யாரோ தண்டவாளத்தில் வைத்து நசுக்கியவை என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஒன்றை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உருளையின் பல் அழுத்திய பள்ளங்களில் வாஷிங்டனின் முகம் மழுங்கிக் கிடக்கும். ஆனால் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் பட்டையில் தலைமுடியின் கீற்றுகூட அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும், பளபளப்போடு. காரணம் எளிது. அந்தக் காசு ஒரு சட்டைப் பையையும் பார்த்ததில்லை, கல்லாப் பெட்டியில் உரசியதில்லை. ஆலையை விட்டு வெளியே வரும்முன்னே அதன் கதை முடிந்துவிட்டது. குவார்ட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் நடுவில் ஓடும் செப்புக் கோடும் சேர்ந்தே அலை அலையாக ஏறி இறங்குவது தெரியும்.

இந்த இயந்திரம் பிலடெல்பியாவுக்கும், டென்வரில் உள்ள இன்னொரு ஆலைக்கும் வந்தது 2003 வாக்கில். தேவை என்னவென்று யோசித்தால் புரியும். ஒழுங்காக அச்சாகாவிட்டாலும் காசு காசுதான். வெளியே போனால் யாராவது செலவழித்துவிடுவார்கள், அல்லது சேகரிப்பாளரிடம் விற்றுவிடுவார்கள். ஆகவே உருக்குவதற்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் காவல் வேண்டும். வாசலிலேயே நசுக்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை, பழைய இரும்புக்காரருக்குப் போடுகிற மாதிரி எடைக்கு விற்கலாம். அப்படி விற்கப்பட்ட உலோகத்திலிருந்துதான் சேகரிப்பாளர்களுக்குக் காசுகள் வந்து சேர்ந்தன.

முன்பெல்லாம் நிலைமை வேறு. 1955-இல் இதே பிலடெல்பியாவில் ஒரு சென்ட் அச்சில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக விழுந்துவிட்டன. கண்டுபிடித்த நேரத்தில் 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்துபோயிருந்தன. பிரித்தெடுக்க வழியில்லை, மொத்தத்தையும் உருக்க மனமில்லை. அப்படியே அனுப்பிவிட்டார்கள். இன்று அந்த ஒரு சென்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள். தப்பிப் போன காசுகளைப் பற்றி இப்படி நிறையக் கதைகள் உண்டு. பிடிபட்டவற்றைப் பற்றி எழுத ஆள் குறைவு. ஆலையின் கண் எதைப் பார்க்கிறது, எந்தக் கட்டத்தில் பார்க்கிறது என்பதைப் பிடிபட்ட காசுதான் சொல்லும். எனக்கு இதில் ஆசை வந்ததற்கு அதுவே காரணம்.

சரி, இனி கைக்கு உதவும் விஷயங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அண்ணன் இருக்கிறார், வயதானவர், மதுரையில் நகைக்கடையில் கணக்கு எழுதியவர், இப்போது மகனோடு இங்கே இருக்கிறார். நாணயத்தில் எனக்கு முன்னே ஊறியவர். என்னுடைய முதல் வாஃபிள்களை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தம்பி, கண்ணால பார்த்து எதையும் முடிவு பண்ணாதே. முதல்ல தராசுல வை” என்றார்.

“ஏன் அண்ணே, அளந்து பார்த்தாத் தெரியாதா?”

“உருளை இழுத்து நீட்டின காசுக்கு ஏது அளவு? எடை மட்டும்தான் மாறாது.”

இந்தச் சேகரிப்பில் நான் கற்ற பாடங்களில் பாதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. உருளை காசை நசுக்கும், நீட்டும், வட்டத்தை முட்டை வடிவமாக்கும். ஆனால் உலோகத்தைச் செதுக்கி எடுக்காது. 24.26 மில்லிமீட்டர் விட்டமுள்ள குவார்ட்டர் நசுங்கிய பிறகு அதைவிடப் பெரியதாக இருக்கும். எடை மட்டும் 5.67 கிராமாகவே நிற்கும். ஆலை அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் 0.227 கிராம். அதாவது 5.44 முதல் 5.90 வரை வந்தால் சரியான குவார்ட்டர் வட்டு (அச்சடிப்பதற்காக வெட்டிய உலோகத் துண்டைத்தான் வட்டு என்கிறேன்). அதைத் தாண்டி எது வந்தாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காசு. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன மின்தராசு போதும், விலையும் அதிகமில்லை. லென்ஸ் வாங்கும்முன் இதை வாங்குங்கள் என்றுதான் புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

தராசு எப்படிப் பேசும் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரு காசையே சொல்கிறேன். குவார்ட்டரின் நடுவில் சுத்தச் செம்பு. மேலும் கீழும் 75 விழுக்காடு செம்பு, 25 விழுக்காடு நிக்கல் கலந்த வெள்ளைத் தகடு. சில சமயம் ஒரு பக்கத் தகடு ஒட்டாமலே உரிந்துபோய்விடும். என் காசில் பின்பக்கம் வெள்ளையாகவும் தலைப்பக்கம் சிவப்பாகவும் இருந்தது. விற்றவர் அதை மற்றவற்றோடு கலந்து போட்டிருந்தார், நசுங்கியதில் நிறம் மாறியிருக்கிறது என்று எண்ணியிருக்கலாம். சிவப்பாகத் தெரிவதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. ரசாயனத்தில் போட்டாலும், வெயிலில் மண்ணில் கிடந்தாலும் நிறம் மாறும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவார்ட்டரில் மொத்த நிக்கல் 8.33 விழுக்காடு. தகட்டில் நிக்கல் கால் பங்கு என்றால், இரண்டு தகடும் சேர்ந்து மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தகடு ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.95 கிராம். ஆக ஒரு தகடு இல்லாத குவார்ட்டர் 4.7 கிராம் பக்கத்தில் இருக்க வேண்டும். தராசில் வைத்தேன், 4.7-ஐ ஒட்டியே நின்றது. தகடு உரிந்த வட்டு அச்சு வரைக்கும் போய், அடிவாங்கி, அதற்கப்புறம் பிடிபட்டிருக்கிறது. நசுங்கியது ஏன் என்பதற்கான சான்றும் அதே காசில் இருக்கிறது. என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அதே மாதிரி குவார்ட்டர் உருவம் இருந்து எடை 5.00 கிராம் காட்டினால், பக்கத்தில் செப்புக் கோடும் இல்லையென்றால், அது நிக்கல் என்று அழைக்கப்படும் ஐந்து சென்ட் காசுக்கான வட்டில் அச்சான குவார்ட்டர். அந்தக் காசு முழுக்க ஒரே கலவை, தகடு கிடையாது. தங்க நிற டாலர் உருவம் வெள்ளை உலோகத்தில் வந்து 5.67 கிராம் நின்றால் குவார்ட்டர் வட்டில் விழுந்த டாலர். ஒழுங்கான டாலர் 8.1 கிராம். இப்படிப்பட்டவை நசுங்கியிருந்தாலும் மதிப்புள்ளவை. சாதாரண வாஃபிள் சில டாலருக்குக் கிடைக்கும்போது, நசுங்குவதற்கு முன்பே பிழையோடு இருந்த காசுக்குப் பல மடங்கு கொடுக்கலாம். பிழை என்ன என்று கண்ணுக்குத் தெரியாத வாஃபிள்தான் அதிகம். ஒரு தொட்டியில் பிரச்சினை என்று தெரிந்தால் அதிலுள்ள நல்ல காசும் சேர்ந்தே போகும். அதனால் “ஏதோ பெரிய பிழை இருந்திருக்கும், அதனால்தான் நசுக்கினார்கள்” என்று சொல்லி விலை ஏற்றுகிறவரிடம், அந்தப் பிழையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் சாதாரண விலை கொடுங்கள்.

வெற்று வட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலோகச் சுருளிலிருந்து வட்டமாக வெட்டி, சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, ஓரத்தை உருட்டி மேடாக்கி, அப்புறம்தான் அச்சு. ஓரம் உருட்டும்முன் உள்ள தட்டை வட்டு முதல் வகை. ஓரம் மேடான பிறகு உள்ளது இரண்டாம் வகை. அச்சடிக்காத சாதாரண வட்டு சில சமயம் பையோடு தப்பி வந்துவிடும். ஒரு சென்ட் வட்டு எளிதாகவே கிடைக்கும். நசுங்கிய வட்டில் உருவம் ஒன்றுமே இருக்காது, வரிகள் மட்டும்தான். பலர் இதைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்குவார்கள். எனக்கு இதுதான் ஆலையின் நடுவயிறு. ஓரத்தில் லேசான மேடு தெரிகிறதா என்று பாருங்கள், உருளை தட்டையாக்கியிருந்தாலும் வரிகளின் நுனி ஓரத்தைத் தொடும் இடத்தில் தடித்திருக்கும். தடிப்பு இருந்தால் இரண்டாம் வகை. எந்தக் காசுக்கான வட்டு என்பதை மறுபடியும் தராசுதான் சொல்லும்: டைம் என்கிற பத்து சென்ட் காசு 2.268, சென்ட் 2.5, நிக்கல் 5, குவார்ட்டர் 5.67, டாலர் 8.1, அரை டாலர் 11.34 கிராம். டைமும் சென்ட்டும் எடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் நிறத்தில் குழப்பம் வராது. சென்ட் துத்தநாகத்தின் மேல் செப்பு பூசியது, பூச்சு விட்ட இடத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

பிலடெல்பியா ஆலையை நேரில் பார்க்கக் கட்டணம் கிடையாது. நாமாகவே சுற்றிப் பார்க்கலாம், உயரத்தில் கண்ணாடி வழியாகக் கீழே வேலை நடப்பது தெரியும். நிமிடத்துக்கு 750 காசு அடிக்கும் இயந்திரங்கள். ஒரு முறையாவது அங்கே நின்று வட்டு எப்படிக் காசாகிறது என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து உங்கள் வாஃபிள்களை எடுத்துப் பாருங்கள், எந்தக் கட்டத்தில் எது நின்றுபோனது என்பது தானாகவே பிடிபடும்.

அதிபர்களின் உருவம் பொறித்த அதிபர் டாலர் காசுகளில் இது இன்னும் சுவாரசியம். 2007-இல் வந்த இந்தக் காசுகளில் ஆண்டு, ஆலைக் குறி, ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்ற லத்தீன் வாசகம், இறைவனை நம்புகிறோம் என்ற வாசகம் எல்லாம் பக்கவிளிம்பில் இருந்தன. கடைசி வாசகம் மட்டும் 2009 முதல் முகப்புக்கு மாறியது. இந்த எழுத்துகளைக் காசு அச்சான பிறகு தனி இயந்திரம் பதிக்கிறது. தொடக்கத்திலேயே எழுத்தில்லாத வாஷிங்டன் டாலர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போய், பெரிய செய்தியானது. ஆகவே அதிபர் டாலர் வாஃபிளின் பக்கவிளிம்பைக் கட்டாயம் பாருங்கள். நசுங்கியிருந்தாலும் எழுத்துத் தடம் பெரும்பாலும் லென்ஸில் தெரியும். தடமே இல்லையென்றால் எழுத்து இயந்திரத்துக்குப் போகும்முன்பே பிடிபட்ட காசாக இருக்கலாம். அப்படிப்பட்ட காசில் எந்த ஆலை என்பதைச் சொல்ல முடியாது, ஆலைக் குறி இருக்க வேண்டிய இடமே வெறுமை. பிலடெல்பியா என்றோ டென்வர் என்றோ யாராவது உறுதியாகச் சொல்லி விற்றால் ஆதாரம் கேளுங்கள்.

போலிகளும் உண்டு. ஒரு கண்காட்சியில் ஒருவர் நசுங்கிய குவார்ட்டர்களைக் குவித்து வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே மேடாக நிற்கும் பட்டையில் முகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதாவது ஆண்டுக்கணக்கில் கை மாறிய காசு. ஆலையிலேயே நசுங்கியது எப்படிக் கடைத் தெருவில் தேய முடியும்? வரிகளும் ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் பொருந்தவில்லை, இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குத்திய மாதிரி இருந்தது. பட்டறையில் பல் வைத்த கிடுக்கியில் அழுத்தினால் அப்படித்தான் வரும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் ஒரு பள்ளிப் பையன் தன் சேமிப்பைக் கொடுத்து இரண்டு வாங்கிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் மோசடி நோக்கத்தோடு நாணயத்தை உருமாற்றுவது குற்றம். ஆகவே தேய்மானம், வரிப் பொருத்தம், பக்கவாட்டு அலை, எடை, இந்த நான்கையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். விலை அதிகமென்றால் தரச்சான்று நிறுவனம் பெட்டியிட்டுக் கொடுத்ததையே வாங்கலாம். பத்து டாலர் காசுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

உரிமைப் பிரச்சினை இல்லாதது இந்தச் சேகரிப்பின் பெரிய நிம்மதி. ஆலையிலிருந்து முறையில்லாமல் வெளியே வந்த பொருளை அமெரிக்க அரசு எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கும். 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடிக்கப்பட்டும் புழக்கத்துக்கு விடப்படவில்லை. தனியார் வைத்திருக்க அனுமதிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது 2021-இல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வேறொரு குடும்பத்திடம் இருந்த பத்தும் அரசுக்கே சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1974-இல் சோதனைக்காக அடித்த அலுமினிய சென்ட் ஒன்று டென்வரிலிருந்து வெளியே போய், 2016-இல் திரும்பி ஒப்படைக்கப்பட்டது. நசுக்கிய காசு அப்படியில்லை. ஆலையே ரத்து செய்து, ஆலையே உலோகமாக விற்றது.

ஆனால் அதைக் காசாக மாற்ற நினைக்காதீர்கள், முகமதிப்பு போய்விட்டது. ஜெர்மனியில் நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது புரியும். அங்கே ரத்து செய்த 1, 2 யூரோ காசுகளை நடுவட்டு தனியாக, வெளிவளையம் தனியாகப் பிரித்துப் பழைய உலோகமாக விற்றார்கள். அவை சீனாவுக்குப் போய், அங்கே மறுபடியும் பொருத்தப்பட்டு, சேதமான காசு என்ற பெயரில் ஜெர்மன் மத்திய வங்கிக்கே திரும்பி வந்தன. 2011-இல் வெளிப்பட்டபோது கணக்கு 29 டன், சுமார் 60 லட்சம் யூரோ. அமெரிக்க ஆலையும் வெளிநாட்டிலிருந்து வரும் சேதமான காசுகள் மேல் சந்தேகம் வந்து, அவற்றை வாங்கும் திட்டத்தை 2015 நவம்பரில் நிறுத்திவைத்தது.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் மட்டுமல்ல, உருக்கிய அல்லது சிதைத்த நாணயத்தை வைத்திருப்பதும் தடை. தண்டனை ஏழாண்டு வரை போகும். அதனால் நம் ரூபாய்க் காசில் இதே மாதிரி ஒன்றை யாராவது விற்க வந்தால் தள்ளியே நில்லுங்கள்.

பாதுகாப்பதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. நெளிவால் காசு உயரமாகிவிடும், வழக்கமான குவார்ட்டர் உறைக்குள் நுழையாது. திணிக்க வேண்டாம், ஒரு அளவு பெரிய உறை எடுங்கள். குவார்ட்டருக்கு டாலர் உறை சரியாக இருக்கும். அட்டை உறையில் பின் அடித்தால் பின்னைச் சப்பையாக்கிவிடுங்கள், பக்கத்து உறையைக் கீறும். மலிவான மென் பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. இருக்கும், சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்கு கசிந்து செம்பைத் தின்னும். பி.வி.சி. இல்லாத மைலார் உறையே நல்லது. பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவிட்டு எடுக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் போகாமல். தேய்க்கவே கூடாது. பளபளப்பு போனால் அது புழங்காத காசு என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு நசுங்கிய சென்ட். 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்து நிறுத்திவிட்டார்கள். குவார்ட்டர், டாலர் அளவுக்கு சென்ட் வாஃபிள் என் கண்ணில் பட்டதில்லை. கிடைத்தாலும் செப்புப் பூச்சு வெடித்து, உள்ளே துத்தநாகம் வெள்ளை பூக்காத ஒன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஓரத்தில் மேடு தெரிகிற வெற்று வட்டாக இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கவும் தயார்.